முறை வைத்த வானம்

தற்காலிகமாக ஒதுக்கப்பட்ட வான்வெளி என்பது, நீளம், அகலம், உயரம் மூன்றையும் வரையறுத்து, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறித்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கொடுக்கப்படும் வானத்தின் துண்டு. அதற்குச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. விமானி கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளேயும் அதே நீலம், வெளியேயும் அதே நீலம். வரைபடத்தில் நாலைந்து புள்ளிகளை இணைக்கும் கோடுகள், கீழே ஓர் உயரம், மேலே ஓர் உயரம், இரண்டு நேரங்கள். இவைதான் அதன் அடையாளம். குறித்த நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி இல்லாமலே போய்விடும். சற்று முன்பு போர் விமானங்கள் சுழன்ற அதே இடத்தில் சிங்கப்பூரில் இருந்து திருச்சிக்கு வரும் பயணிகள் விமானம் நிம்மதியாகப் போகும்.

ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானம் அந்த நாட்டுக்கே உரியது என்பதை 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அதன் ஒன்பதாவது பிரிவு, ராணுவத் தேவைக்காகவோ பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வானத்தின் ஒரு பகுதியை மூடவோ கட்டுப்படுத்தவோ நாடுகளுக்கு உரிமை தருகிறது. நிரந்தரமாகக் குறிக்கப்பட்ட பகுதிகள் மூன்று வகை. தடைசெய்யப்பட்ட பகுதியில் யாரும் பறக்கக் கூடாது. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுற்றியுள்ள வானம் அப்படிப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பறக்கலாம். அபாயப் பகுதி என்பது, குறித்த நேரங்களில் உள்ளே ஆபத்து இருக்கலாம் என்ற எச்சரிக்கை. தற்காலிக ஒதுக்கீடு இந்த மூன்றிலும் சேராது. இடம் பொதுவானது, தேவை சில மணி நேரத்துக்கு மட்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது.

அதிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், ஒதுக்கீடு ஒருவர் பெயரில் இருந்தாலும், கட்டுப்பாட்டாளர் அனுமதித்தால் இன்னொரு விமானம் குறுக்கே போகலாம். இரண்டாவது வகையில் வழியே கிடையாது. நேரம் முடியும்வரை அந்த இடம் முழுக்க ஒருவருக்கே. விமானிக்கு இந்த வேறுபாடு பெரியது. முன்னதில் கேட்டுப் பார்க்கலாம், பின்னதில் கேட்பதற்கே இடமில்லை.

காவிரிப் படுகையில் இதன் தேவை எப்படி வந்தது என்பதற்குத் தஞ்சாவூர் விமானப்படைத் தளமே விடை. புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் இந்தத் தளம் 1940ஆம் ஆண்டில் பிரிட்டிஷாரால் அமைக்கப்பட்டு இரண்டாம் உலகப் போரில் பயன்பட்டது. பிறகு நெடுங்காலம் அமைதியாகக் கிடந்தது. ஓடுபாதை புதுப்பிக்கப்பட்டு, 2013 மே 27 அன்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி இதை விமானப்படைத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20 அன்று 222ஆம் ஸ்குவாட்ரன் இங்கே குடியேறியது. சுகோய்-30 எம்.கே.ஐ. ரகப் போர் விமானங்களுக்குத் தென்னிந்தியாவில் கிடைத்த முதல் நிலைக்களம் அது. பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும் திறன் கொண்ட இந்த விமானங்களின் வேலை இந்தியப் பெருங்கடலையும் வங்கக் கடலையும் காப்பது. அன்றிலிருந்து டெல்டாவின் வானத்துக்குப் புதிதாக ஒரு பங்காளி சேர்ந்தார்.

இந்தப் பங்காளிக்கு ஏன் இவ்வளவு இடம் தேவை என்பதைச் சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டர் கடக்கும். அந்த வேகத்தில், விமானியின் உடல் எடை இரண்டு மடங்காகத் தோன்றும் அளவுக்குச் சாய்ந்து திரும்பினால், ஒரு முழு வட்டம் போட ஏழரை கிலோமீட்டர் அகலமான இடம் வேண்டும். எடை நான்கு மடங்காகும்படி இறுக்கித் திரும்பினாலும் மூன்றே கால் கிலோமீட்டருக்குக் குறையாது. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் நிமிடத்துக்கு 30 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 500 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் மற்ற விமானம் கண்ணில் பட்டால், பார்த்து, புரிந்து, விலகுவதற்குக் கிடைப்பது பத்து நொடி. ரேடாரில் எதிரியைத் தேடிப் பிடிக்கும் பயிற்சியை நூறு கிலோமீட்டர் இடைவெளியில் தொடங்கினால், மூன்றரை நிமிடத்துக்குள் இருவரும் நேருக்கு நேர் வந்துவிடுவார்கள். பயிற்சியின்போது விமானிகள் மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான அடிகள் பாய்ந்து ஏறி இறங்குவார்கள். அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. தெரிந்தால் அது பயிற்சியே ஆகாது.

பயணிகள் விமானத்தின் வாழ்க்கை இதற்கு நேர் எதிரானது. அது எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு இருக்கும் என்பது புறப்படும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. கட்டுப்பாட்டாளர் இரண்டு விமானங்களுக்கு நடுவே உயரத்தில் 1,000 அடி, அல்லது ரேடார் இருக்கும் இடங்களில் பக்கவாட்டில் பொதுவாக 5 கடல்மைல் இடைவெளி வைக்கிறார். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். அடுத்த நிமிடம் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாத விமானத்துக்கும், சொல்லக்கூடிய விமானத்துக்கும் இடையே இந்த இடைவெளியைக் காப்பது எந்தக் கட்டுப்பாட்டாளராலும் ஆகாத காரியம். அதனால் விமானங்களைப் பிரிப்பதற்குப் பதிலாக இடத்தையே பிரித்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு வகை, வெளியே இன்னொரு வகை. ஒதுக்கீட்டின் அடிப்படை இவ்வளவுதான்.

டெல்டாவில் இந்தப் பிரிவினை சுலபமல்ல. தஞ்சாவூர்த் தளத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் சாலைத் தூரம் எவ்வளவாக இருந்தாலும், வானத்தில் நேர்கோட்டுத் தூரம் 42 கிலோமீட்டர் அளவுதான். போர் விமானத்துக்கு மூன்று நிமிடம். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு முனைக்கு 09, மறுமுனைக்கு 27 என்று எண். 27ஆம் எண் முனையில் இறங்கும் விமானம் கிழக்கே இருந்து மேற்கு நோக்கி வரும். அந்தக் கோட்டை அப்படியே கிழக்கே நீட்டினால் தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சேரும். வழக்கமான மூன்று பாகைச் சரிவில் நேராக இறங்கும் விமானம், தஞ்சைக்கு நேராக இருக்கும்போது தரையில் இருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும். ஒரு தளத்தின் வாசலும் இன்னொரு நிலையத்தின் வாசலும் ஒரே தெருவில் இருப்பது போன்ற நிலை இது.

கிழக்கே நாகப்பட்டினம் கடற்கரை 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தெற்கே அதிராம்பட்டினம் வழியாகப் பாக் நீரிணை. அதற்கு அப்பால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம், தஞ்சைத் தளத்தில் இருந்து 150 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில். இடையில் சென்னை விமானத் தகவல் மண்டலம் முடிந்து கொழும்பு மண்டலம் தொடங்கிவிடுகிறது. தெற்கே உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து வான்தளம். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் தொடங்கியது. திருச்சியில் இருந்து பலாலிக்கு நேர்கோடு போட்டால் 185 கிலோமீட்டர். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடந்து அதிராம்பட்டினம் அருகே கடலைத் தொடும். உலகின் மிகக் குறுகிய சர்வதேசப் பயணங்களில் ஒன்றான இது, முழுக்க டெல்டாவின் வானத்திலும் பாக் நீரிணையிலுமே நடந்து முடிகிறது.

டெல்டா மக்களுக்கு இந்த வானத்தின் இன்னொரு அடையாளம் பழக்கமானது. திடீரென்று ஒரு வெடிச்சத்தம், ஜன்னல் அதிர்வு, ஊர் முழுக்கப் பதற்றம், பிறகு போர் விமானத்தின் சத்தம்தான் என்ற விளக்கம். ஒலியை மிஞ்சும் வேகத்தில் விமானம் போகும்போது, முன்னால் நகர இடமில்லாமல் நெருக்கப்படும் காற்று ஓர் அதிர்ச்சி அலையாகத் தரையை வந்தடைவதே இந்தச் சத்தம். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு மைல் என்ற அளவில் அது தரையில் பரவும். 30,000 அடியில் பறந்தால் 50 கிலோமீட்டர் அகலப் பட்டையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும். கும்பகோணத்தில் கேட்ட சத்தம் மயிலாடுதுறையிலும் கேட்பது இதனால்தான். இத்தகைய வேகத்துக்கான பயிற்சிப் பகுதிகளைக் கூடியவரை கடலுக்கு மேலே வைப்பதற்கும் இதுவே காரணம்.

இனி ஒதுக்கீடு நடக்கும் முறை. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் டெல்டாவில் முறைப்பாசனம் வைப்பார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று ஆற்றுக்கு ஆறு முறை. சில நாள் இங்கே, சில நாள் அங்கே. மேட்டூர் அணை எப்போது திறப்பது என்பது அரசு மட்டத்தில் முடிவாகும். எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் என்பது பொறியாளர்களின் அட்டவணை. கடைசியில் மதகின் ஷட்டரை எந்த நேரத்தில் ஏற்றுவது, இறக்குவது என்பது லஸ்கரின் கையில். வான்வெளியை நெகிழ்வாகப் பயன்படுத்தும் முறையும் இதே மூன்று படிகளில்தான் நடக்கிறது. ஐரோப்பா 1996 மார்ச் மாதத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிறகு இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றின. முதல் படியில், எந்தப் பகுதிகளை ஒதுக்கலாம், எந்த விதிப்படி என்பதை ராணுவமும் சிவில் துறையும் கூடி மாதக்கணக்கில் முன்பே தீர்மானிக்கின்றன. இரண்டாவது படியில், நாளைக்கு யாருக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை முந்தின நாள் முடிவு செய்கிறார்கள். மூன்றாவது படி அந்தந்த நிமிடத்துக்கானது. பயிற்சி சீக்கிரம் முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதும், மேகம் திரண்டு ஒரு பயணிகள் விமானம் விலக வேண்டி வந்தால் மூலையை விட்டுக் கொடுப்பதும் அங்கே நடக்கும். ராணுவக் கட்டுப்பாட்டு அறைக்கும் சிவில் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே இதற்காகவே நேரடித் தொலைபேசி இருக்கும்.

முறைப்பாசனத்தில் விவசாயிக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. முறை வைப்பது பெரிய காரியமல்ல. மேலே உள்ளவருக்கு நீர் போதுமான அந்த நேரத்திலேயே மதகை இறக்கி அடுத்தவருக்கு விடுவதுதான் பெரிது. அங்கே அரைநாள் தாமதம் ஆனால் கடைமடையில் நாற்று காயும். வான்வெளியிலும் ஒதுக்கீட்டின் தரத்தை அளக்க வேண்டியது ஒதுக்கிய மணிகளை வைத்து அல்ல, பயன்படாத மணிகளில் எத்தனை திரும்பி வந்தன என்பதை வைத்துத்தான். காலை 9 முதல் 12 வரை எடுத்த இடத்தில் பயிற்சி பத்தரைக்கே முடிந்துவிட்டால், மீதி ஒன்றரை மணி நேரம் யாருக்கும் பயனின்றிப் பூட்டிக் கிடக்கலாம், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பில் திறந்துவிடலாம். ஒதுக்கீடு நடப்பில் இல்லாதபோது மட்டும் திறக்கும் 'நிபந்தனைப் பாதைகள்' இதற்காகவே வரையப்பட்டவை. இந்தியாவில் இந்தப் பிரச்சினையின் அளவை 2020 மே 16 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்ட அறிவிப்பு காட்டியது. நாட்டின் வான்வெளியில் 60 சதவீதம் மட்டுமே சிவில் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்றும், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அதில் சொல்லப்பட்டது.

ஒதுக்கீடு விமானியை வந்தடைவது 'நோட்டாம்' என்ற அறிவிப்பின் வழியாக. அவசரக் காரியங்கள் தவிர மற்ற ஒதுக்கீடுகளுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது சர்வதேச விதி. நோட்டாம் தந்தி காலத்துச் சுருக்கெழுத்தில் இருக்கும். எந்த மண்டலம், தொடக்க நேரம், முடிவு நேரம், தினசரி அட்டவணை, விவரம், கீழ் உயரம், மேல் உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. நேரம் பத்து இலக்கங்களில் வரும். எடுத்துக்காட்டாக 2606120330 என்று இருந்தால், 2026 ஜூன் 12, மணி 03:30. இது இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் காலை 9 மணி. புதிய விமானிகள் தடுமாறும் இடம் இதுதான். இரவு நேர ஒதுக்கீடுகளில் தவறு இன்னும் எளிது. உலக நேரம் 20:00 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 1:30, தேதியே மாறிவிடுகிறது. ஒரு நீண்ட பயணத்துக்கு நூற்றுக்கணக்கில் நோட்டாம்கள் வந்து குவியும். அணைந்துபோன ஒரு விளக்கைப் பற்றிய அறிவிப்பும், ஏவுகணைச் சோதனை பற்றிய அறிவிப்பும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், அடுத்தடுத்து நிற்கும். உயிர் சார்ந்த செய்தியைத் தேடிப் பிடிக்கும் சுமையை முழுக்க விமானியின் தலையில் வைப்பது இந்த முறையின் பெரிய குறை. இதைத் திருத்தும் வேலை உலக அளவில் இன்னும் முடியவில்லை.

உயரத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே பறக்கும் விமானங்கள் எல்லாம் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அழுத்தத்துக்கு வைத்துப் பறக்கின்றன. தாழப் பறப்பவை அந்த ஊரின் உண்மையான காற்றழுத்தத்துக்கு வைக்கின்றன. கார்த்திகை மாதத்தில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, நாகையில் அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கினால், பொது அழுத்தத்தில் அளக்கும் விமானத்தின் உண்மை உயரம் முள் காட்டுவதைவிட 350 அடி அளவுக்குக் குறைவாக இருக்கும். ஒதுக்கீட்டின் மேல் எல்லை எந்த அளவையில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்க்காத விமானி, எல்லைக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே இருக்கக்கூடும்.

புறப்படும் முன் தெரிந்துகொள்வதன் மதிப்பைத் தூரத்தில் அளக்கலாம். 200 கிலோமீட்டர் நேர்ப்பாதையின் நடுவே, 40 கிலோமீட்டர் பக்கவாட்டில் விலகினால் மட்டுமே தாண்டக்கூடிய ஓர் ஒதுக்கீடு இருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்திலேயே தெரிந்து, மெல்ல விலகி மெல்லத் திரும்பினால் கூடுதல் தூரம் 15 கிலோமீட்டர். அதை நெருங்கி 20 கிலோமீட்டர் இருக்கும்போதுதான் தெரிந்து திரும்பினால் கூடுதல் தூரம் 32 கிலோமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். ஏ-320 வகை விமானம் உயரத்தில் பறக்கும்போது நிமிடத்துக்கு 40 கிலோ அளவில் எரிபொருள் எரிக்கிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு. 32 கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம், நூறு கிலோ எரிபொருள். ஒரு பயணத்தில் இது சிறியது. தினமும் நூற்றுக்கணக்கான விமானங்கள் இப்படி வளைந்தால் சிறியதல்ல. விமானி எடுத்துச் செல்லும் எரிபொருளில் பயணத்துக்கானது, எதிர்பாராத தேவைக்கானது, மாற்று விமான நிலையத்துக்கானது எல்லாம் போக, கடைசியாக 30 நிமிடத்துக்கான இருப்பு உண்டு. ஒதுக்கீட்டைச் சுற்றும் தூரத்தை முன்பே கணக்கில் எடுக்காதவர், பிறகு இந்த இருப்புகளையே கடிக்க வேண்டி வரும்.

மேகம் இருக்கும் நாளில் கணக்கெல்லாம் மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவுக்கு மேலே எழும் இடிமேகங்கள் 40,000 அடியையும் தாண்டும். உள்ளே காற்று மேலும் கீழுமாகச் சீறும். ஆலங்கட்டி இருக்கும், மின்னல் இருக்கும். அவற்றில் இருந்து 20 கடல்மைலாவது விலகி நிற்பதே விமானிகளின் பழக்கம். இடப்பக்கம் இடிமேகம், வலப்பக்கம் நடப்பில் இருக்கும் ஒதுக்கீடு என்றால், நடுவே கிடைக்கும் சந்து நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கும். விமானி விலகக் கேட்கிறார். கட்டுப்பாட்டாளர் மறுபக்கத் தொலைபேசியை எடுக்கிறார். ராணுவத் தரப்பு ஒரு மூலையை விட்டுக் கொடுத்தால் பாதை கிடைக்கும். இல்லாவிட்டால் திரும்ப வேண்டும், அல்லது வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த நிலையிலும், அனுமதி வருமுன் விமானி தானாக உள்ளே நுழையக் கூடாது. உயிர் ஆபத்து வந்துவிட்டால் மட்டும் விதி வேறு: விமானி அவசர நிலையை அறிவித்துவிட்டுத் தேவையானதைச் செய்யலாம், மற்றவர்கள் விலக வேண்டும்.

அவசர நிலை எவ்வளவு வானத்தைக் கேட்கும் என்பதைத் திருச்சி மக்கள் 2024 அக்டோபர் 11 மாலையில் நேரிலேயே பார்த்தார்கள். ஷார்ஜா நோக்கிப் புறப்பட்ட பயணிகள் விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு ஏற்பட, 140க்கும் மேற்பட்டவர்களுடன் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த வட்டாரத்தில் சுற்றி எரிபொருளைக் குறைத்தது. பிறகு திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. ஒரு விமானம் மணிக்கணக்கில் வட்டமிட வேண்டுமென்றால், பக்கத்துத் துண்டு வானங்களில் அந்த நேரம் யார் இருக்கிறார்கள் என்பது கட்டுப்பாட்டு அறையில் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். தேவைப்பட்டால் ஒதுக்கீட்டை அந்த நொடியே நிறுத்தும் அதிகாரமும் வழியும் இருந்தாக வேண்டும்.

தவறி நுழைந்துவிட்டால்? முதலில் கட்டுப்பாட்டாளர் எச்சரிப்பார். தொடர்பு கிடைக்கவில்லை என்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையில் கூப்பிடுவார்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் போர் விமானம் பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டும். அதற்கு 'பின்னால் வா' என்று பொருள். இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லிப் பின்தொடர வேண்டியது சிவில் விமானியின் கடமை. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் எல்லைக்குள் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதையடுத்து, பறக்கும் சிவில் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற சிகாகோ உடன்படிக்கைத் திருத்தம் 1984 மே மாதத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒதுக்கீட்டுக்கு உயர எல்லை வகுப்பதில் ஏற்படும் தவறு எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014 ஜூலை 17 சாட்சி. கிழக்கு உக்ரைனில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் முன்பு, ஜூலை 14 அன்று, அந்த வட்டாரத்தில் 32,000 அடி வரை சிவில் விமானங்களுக்குத் தடை போடப்பட்டிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் இருந்து கோலாலம்பூர் நோக்கிப் பறந்த மலேசிய விமானம் எம்.எச்.17 அன்று 33,000 அடியில் இருந்தது. தரையில் இருந்து ஏவப்பட்ட ஏவுகணைக்கு அந்த ஆயிரம் அடி ஒரு பொருட்டே அல்ல. 298 பேரும் இறந்தார்கள். விமானி விதியை மீறவில்லை. திறந்திருந்த வானத்தில்தான் பறந்தார். கீழே இருக்கும் ஆபத்தின் உண்மையான எட்டுதூரத்தைப் பார்க்காமல் போட்ட கோடு யாரையும் காப்பாற்றாது.

தமிழ்நாட்டின் கரையோரம் ராக்கெட்டுகளுக்காகவும் வானம் ஒதுக்கப்படுகிறது. சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஒவ்வோர் ஏவுதலின்போதும், ஏவுதளத்தைச் சுற்றியும், எரிந்து முடிந்த கட்டங்கள் விழும் கடற்பகுதிகளுக்கு மேலும் சில மணி நேரத்துக்கு வான்வெளி மூடப்படும். ராக்கெட் விமானப் பாதைகளின் உயரத்தைக் கடந்து போக ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஆனாலும் நிமிடக் கணக்கில் ஒதுக்க முடியாது. கவுண்ட்டவுனின் கடைசி நொடியில்கூட ஏவுதல் தள்ளிப்போகலாம், கட்டங்கள் திரும்பி விழ நேரமாகும். 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட இரண்டாவது ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், தென்கோடியில் கொழும்பு, மாலே வழிப் பாதைகளும் இந்தக் கணக்குக்குள் வரும்.

காட்சிக்காக வானம் மூடப்பட்ட நிகழ்வும் அண்மையில் நடந்தது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் 92ஆம் ஆண்டு சாகச நிகழ்ச்சி. 72 விமானங்கள் பங்கேற்றன. தஞ்சாவூர், சூலூர், தாம்பரம், அரக்கோணம், பெங்களூரு தளங்களில் இருந்து அவை கிளம்பின. ஒத்திகை நாட்களிலும் நிகழ்ச்சி நாளிலும் சென்னை விமான நிலையத்தில் குறித்த நேரங்களில் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு அட்டவணைகள் மாற்றப்பட்டன. நாட்டின் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றையே இடைவெளி விட்டு நிறுத்த முடிந்தது என்றால், முன்கூட்டியே அறிவித்ததுதான் காரணம்.

இதுவரை சொன்னது எல்லாம் விமானத்துக்குள் உட்கார்ந்து ஓட்டும் விமானிகளுக்கு. டெல்டாவில் இப்போது இன்னொரு வகை விமானி இருக்கிறார். வரப்பில் நின்று, கையில் ரிமோட்டுடன், பத்து லிட்டர் தொட்டி கட்டிய டிரோனை நெற்பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ஓட்டி மருந்து தெளிப்பவர். கைத்தெளிப்பானில் அரைநாள் ஆகும் ஓர் ஏக்கரை அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி இவருக்கும் வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையங்களின் சுற்றெல்லையில் இருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால், வேறு தடை இல்லாத இடங்களில், 400 அடி வரை பச்சை. தனி அனுமதி வேண்டாம். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலம் தரையில் இருந்தே தொடங்குகிறது. 'பயிருக்கு மேலே ஓராள் உயரம்தானே' என்ற சமாதானம் அங்கே செல்லாது.

தற்காலிக ஒதுக்கீடு இந்த விதிகளிலும் உண்டு. அவசரத் தேவை இருந்தால், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். பரப்பும் தேவைக்கு மேல் போகக் கூடாது. 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் அது காட்டப்பட வேண்டும். தலைவர்களின் வருகைகளின்போது மாவட்டங்களில் டிரோன்களுக்குத் தடை வருவது வழக்கம். 2025 ஜூலை இறுதியில் ஆடித் திருவாதிரை விழாவுக்காகப் பிரதமர் திருச்சி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. விழாக்களைப் படமெடுக்கும் டிரோன்காரரும், மருந்து தெளிக்கும் டிரோன்காரரும், அந்த நாட்களில் சுகோய் விமானியைப் போலவே ஒதுக்கீட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

ஆகவே தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வயல்களில் டிரோன் இயக்குபவர்கள், மருந்தைத் தொட்டியில் ஊற்றும் முன்பு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை அன்று காலையிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். நேற்றுப் பச்சையாக இருந்த வயல் இன்று சிவப்பாக இருக்கலாம்.